எல்லை கடந்து வான்கோழி வேட்டைக்குப் புறப்படும் நண்பர்களுக்கு

வருகிற ஏப்ரல் மாதத்தில் அரிஸோனா எல்லையைக் கடந்து, மெக்ஸிகோ தேசத்தின் மேற்கு ஸியெர்ரா மாத்ரே மலைத்தொடரில் கூல்ட் வான்கோழியை வேட்டையாடச் செல்வதென்று நீங்கள் ஐவரும் நிச்சயித்துவிட்ட செய்தி எனக்கு எட்டியதும், அதையடுத்து எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா, எவ்வளவு கனமான சட்டை என்று ஆளுக்கொரு கேள்வியாக உங்களிடமிருந்து வந்து சேர்ந்ததும், தனித்தனியே பதில் எழுதுவதைக் காட்டிலும் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மடல் எழுதிவிடுவதே உசிதமென்று தோன்றிற்று. உங்களைப் போலவே முதல் தடவையாக அந்நிய மண்ணில் வேட்டைக்குப் புறப்படுகிறவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள். அவர்கள் கண்ணிலும் படட்டும் என்றே இதை ஒட்டாமல் திறந்தபடி விடுகிறேன். அந்த மலைகளுக்கு நான்கு வசந்தங்களில் போய்வந்தவன், முழங்கால்கள் இடங்கொடாமையால் ஐந்தாவது முறை போக வழியில்லாதவன் என்ற உரிமை ஒன்றைத் தவிர, இப்படி எழுதுவதற்கு எனக்கு வேறு உரிமை கிடையாது.

உங்கள் கேள்விகள் அனைத்தையும் ஒருசேர வைத்துப் படித்தபோது ஒரு விஷயம் என் மனத்தை உறுத்திற்று. எதைக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டீர்கள். யாருடைய நிலத்தில், யாருடைய அனுமதியின் பேரில், யாருக்குச் சொந்தமான பறவையை எடுக்கப் போகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. சொந்த ஊரில், சொந்த மாநிலத்தின் உரிமச் சீட்டோடு, பழகிய மரத்தடியில் உட்காருகிறவனுக்கு அந்தக் கேள்வி எழாமல் போவது இயல்புதான். ஆனால் எல்லைக் கோட்டைத் தாண்டிய மறுகணமே நீங்கள் வேட்டைக்காரர் என்பதற்கு முன்னால் விருந்தினர் ஆகிவிடுகிறீர்கள். சட்டைப் பையில் கிடக்கும் தோட்டாவிலிருந்து சாப்பாட்டு மேஜையில் வைக்கும் பறவை வரைக்கும் எல்லா ஆயத்தமும் அந்த ஒரு நினைவிலிருந்தே தொடங்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நீங்கள் தேடிச் செல்லும் பறவையை முதலில் அறிந்துகொள்ளுங்கள். வட அமெரிக்காவின் காட்டு வான்கோழி ஒரே இனமேயானாலும், வாழும் பிரதேசத்துக்கேற்ப ஆறு உள்ளினங்களாகப் பிரிந்திருக்கிறது. கிழக்கத்தியது, ஃப்ளாரிடாவின் ஆஸியோலா, ரியோ கிராண்டே, மெரியம் என்ற நான்கையும் அமெரிக்க ஐக்கிய நாடுகளை விட்டு வெளியேறாமலே காணலாம். ஐந்தாவதாகிய கூல்ட் வான்கோழியோ, 1856-ஆம் ஆண்டில் ஆங்கிலப் பறவையியல் அறிஞர் ஜான் கூல்ட் விவரித்த காரணத்தால் அவர் பெயரைத் தாங்கி, ஸொனோரா, சிவாவா, துராங்கோ ஆகிய மாநிலங்களின் பைனும் ஓக்கும் கலந்த மலைக்காடுகளையே தன் தலைமை வாசஸ்தலமாகக் கொண்டிருக்கிறது. மற்ற உள்ளினங்களைவிட இதற்குக் கால்கள் நெடியவை, பாதங்கள் பெரியவை, வால் இறகுகளின் நுனியும் இடுப்பின் பின்புறத்து இறகுகளும் பனிபோல் வெளுத்திருப்பதால், சரிவான மலைப்பக்கத்தில் காலை வெயிலில் தோகையை விரித்து நிற்கும் ஆண் பறவை, இருண்ட மரங்களுக்கிடையே யாரோ வெள்ளை விசிறியைத் திறந்து பிடித்தாற்போல் தெரியும். ஆறாவது உள்ளினம் தெற்கு மெக்ஸிகோவுக்கு உரியது. உலகமெங்கும் பண்ணைகளில் வளரும் வான்கோழிகளெல்லாம் அதன் சந்ததியே. ஸ்பானியர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை ஐரோப்பாவுக்கு எடுத்துச் செல்வதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மெக்ஸிகோவின் பூர்வ குடிகள் அதை வீட்டில் வளர்த்தார்கள். நவாத்ல் மொழியின் பெயரே சிறிது திரிந்து இன்றைய மெக்ஸிகோவில் குவாஹொலோத்தே என்று வழங்குகிறது; வடக்கு மலைகளில் கோகோனோ என்பார்கள். அந்தச் சொற்களை இப்போதே நாவில் பழக்கிக்கொள்ளுங்கள். வழிகாட்டி உங்கள் காதோடு அந்தச் சொல்லைச் சொல்லும்போது, அதற்கு அர்த்தம் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இராது.

இன்னொரு செய்தியும் உண்டு. அதை நீங்கள் அறிந்தே ஆகவேண்டும். தெற்கு அரிஸோனாவின் வாச்சூகா மலையில் வசந்த காலத்து விடியலில் இன்று நாம் கேட்கும் கூல்ட் வான்கோழியின் குரல், இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அங்கே அடியோடு ஒடுங்கிப் போயிருந்தது. சுரங்கத் தொழிலாளரும் படைவீரரும் கட்டுப்பாடில்லாமல் சுட்டுத் தின்றதே அதற்குப் பெருங்காரணம். 1980-களில் மெக்ஸிகோவிலிருந்து உயிரோடு பிடித்துக் கொண்டுவந்து விடப்பட்ட பறவைகளே பெருகி, அந்தக் குரலை நமக்குத் திருப்பிக் கொடுத்தன. நம் ஊரில் அழித்ததை அவர்கள் ஊரிலிருந்து வாங்கி நிரப்பிக்கொண்டோம். ஆகையால் நீங்கள் போவது பணம் கொடுத்துச் சரக்கு வாங்கும் கடைக்கு அன்று. கடன் பட்டிருக்கும் ஒரு வீட்டுக்கு.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். மெக்ஸிகோ, ஆயுத விஷயத்தில் மிகக் கண்டிப்பான தேசம். வேட்டைத் துப்பாக்கியைத் தற்காலிகமாக உள்ளே கொண்டுவருவதற்கு அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகமே அனுமதி வழங்கவேண்டும். அந்த அனுமதியில் துப்பாக்கியின் தயாரிப்பு, வகை, வரிசை எண் யாவும் குறிக்கப்பட்டிருக்கும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் எல்லையில் நின்றுவிட நேரும். விண்ணப்பத்துக்கு மாதக்கணக்கில் ஆகுமென்பதால், பிப்ரவரியில் நினைத்துக்கொண்டு ஏப்ரலில் போகலாம் என்ற எண்ணம் ஆகாது. அமெரிக்கச் சுங்க அதிகாரியிடம் துப்பாக்கியை நேரில் காட்டி 4457 என்ற எண்ணுள்ள படிவத்தில் பதிவு செய்துகொண்டு போகவும் வேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டால், திரும்பி வருகையில் துப்பாக்கி உங்களுடையதுதான் என்பதை நிரூபிப்பது வீண் சிரமமாகும்.

இவையெல்லாம் உங்களை அழைத்துச் செல்லும் நிறுவனத்தார் சொல்லிவிடுவார்கள். அவர்களும் சில சமயம் மறந்துவிடும் ஒன்றை நான் சொல்கிறேன். மெக்ஸிகோவின் ஆயுதச் சட்டம், 12 போருக்கு மேற்பட்ட குழல் விட்டமுள்ள ரவைத் துப்பாக்கியை அனுமதிப்பதில்லை. 635 மில்லிமீட்டருக்கு, அதாவது இருபத்தைந்து அங்குலத்துக்கு, குறைவான குழலையும் அனுமதிப்பதில்லை. இதில் என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். இன்று வான்கோழி வேட்டைக்கென்றே விற்கும் துப்பாக்கிகள், புதருக்குள் தூக்கித் திருப்புவதற்குச் சௌகரியமாக, இருபத்துநான்கு அங்குலமும் அதற்குக் குறைந்ததுமான குழலோடு வருகின்றன. உங்களில் இருவர் ஆசையோடு வாங்கி வைத்திருக்கும் துப்பாக்கிகள் அப்படிப்பட்டவையே என்று சந்தேகிக்கிறேன். தாத்தா காலத்து நீண்ட குழல் துப்பாக்கி வீட்டு மூலையில் இருக்குமானால் அதை எண்ணெயிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், உங்களை வரவேற்கும் பண்ணையார் தம் துப்பாக்கியைச் சட்டப்படி உபயோகத்துக்குத் தருவாரா என்று இப்போதே கேட்டு எழுதுங்கள்.

தோட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் பயணத்தின்போது, புறப்படுவதற்கு முந்தின இரவு, நான் கட்டி முடித்திருந்த மூட்டையை என் மனைவி பிரித்து, பழைய வேட்டைச் சட்டையின் உட்பையில், தையல் பிரிந்த இடுக்கில் சிக்கிக் கிடந்த ஒரு தோட்டாவை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தாள். எப்போதோ காடைக்குப் போனபோது வைத்து மறந்தது, வேறு போர், அனுமதிச் சீட்டில் இல்லாதது. அதைப் போன்ற ஒற்றைத் தோட்டா காரின் இருக்கைக்கடியில் கிடந்ததற்காக அந்நாட்டுச் சிறையில் கிடந்த அமெரிக்கர் உண்டு. தெரியாமல் வந்துவிட்டது என்ற சமாதானம் அங்கே செல்லுபடியாகாது. ஆதலால் வேட்டைக்கு ஒருபோதும் அணிந்திராத புதுச் சட்டையும் புதுப் பையும் எடுத்துக்கொள்வது நல்லது. காரின் ஒவ்வொரு மூலையையும் பகல் வெளிச்சத்தில், வேறொருவரை விட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். நம் கண் பழக்கப்பட்ட இடத்தில் பொருளைப் பார்ப்பதில்லை.

வேட்டையாடும் உரிமை எங்கிருந்து வருகிறது என்பதையும் விளங்கிக்கொள்ளுங்கள். 1997 முதல் மெக்ஸிகோவில், நிலத்துக்குரியவர் தம் நிலத்தை வனவிலங்குப் பராமரிப்புக்கான அலகாகப் பதிவு செய்துகொண்டு, அங்குள்ள உயிர்களைக் கணக்கெடுத்து, திட்டம் வகுத்து, அரசின் ஒப்புதல் பெற்றால், அந்த ஆண்டில் இத்தனை பறவை எடுக்கலாம் என்ற அளவு அவருக்கு வழங்கப்படுகிறது. அந்த அளவுக்கேற்ற எண்ணிட்ட பட்டைகளை ஸிந்தீயோ என்பார்கள். விழுந்த பறவையின் காலில் அதைப் பூட்டியாக வேண்டும். அலகுக்குரியவர் தனியொரு பண்ணையாராகவும் இருக்கலாம். எஹீதோ என்று வழங்கும், கிராமத்தார் பொதுவில் அநுபவிக்கும் நிலமாகவும் இருக்கலாம். வான்கோழியை அதன் முட்டையோடும் குஞ்சோடும் காப்பாற்றி வைத்தால் வசந்தத்தில் ஓர் அந்நியன் வந்து பணம் கொடுப்பான் என்ற நம்பிக்கையின் மேல்தான், மாட்டை ஓடைக்கரைகளிலிருந்து விலக்கி வைப்பதும், திருட்டு வேட்டையைத் தடுப்பதும் நடக்கின்றன. பட்டையைக் கண்ணால் பாராமல் விசையில் விரல் வைக்காதீர்கள். பட்டை பின்னால் வரும், கவலைப்படாதீர்கள் என்று யாராவது சொன்னால், அந்தக் காலையோடு வேட்டையை நிறுத்திவிட்டுத் திரும்புங்கள். செலவழித்த பணத்தைப் பற்றி வருந்தவேண்டாம்.

துப்பாக்கியைக் காகிதத்தில் சுட்டுப் பார்ப்பது பற்றி உங்களில் ஒருவர் கேட்டிருந்தார். அது அவசியந்தானா என்று. என் இரண்டாவது பயணத்தில் நிகழ்ந்ததைச் சொன்னால் பதில் விளங்கும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, குழல் முனையில் திருகும் புதுச் சோக் ஒன்றும், புதுவகைத் தோட்டாக்களும் வாங்கி, விலை அதிகமாயிருந்தமையால் ஒன்றையும் சோதித்து வீணாக்காமல் எடுத்துச் சென்றேன். மூன்றாம் நாள் விடியலில், ஓடைக்கு அப்பாலிருந்து முழங்கிக்கொண்டே இறங்கி வந்த பெரிய சேவல் ஒன்று முப்பத்தைந்து தப்படியில் கழுத்தை நீட்டி நின்றபோது சுட்டேன். ரவை கூட்டமாகச் செல்லாமல் சிதறிப் போயிற்று. பறவை தடுமாறி விழுந்து எழுந்து பள்ளத்தைத் தாண்டிப் பறந்தது. நானும் வழிகாட்டியும் பிற்பகல் வரையில், முட்புதர்களிலும் பாறை இடுக்குகளிலும், சிந்திய இறகுகள் காட்டிய வழியே தேடினோம்; கிடைக்கவில்லை. அந்தப் பெரியவர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. மாலையில் என் பட்டையை எடுத்து, காலியாகவே, அன்றைய கணக்கில் எழுதினார். அதைவிடக் கடுமையான பாடம் எனக்கு வேறெவரும் கற்பித்ததில்லை. ஆகவே, கொண்டுபோகும் அதே துப்பாக்கியில், அதே சோக்கில், அதே தோட்டாவை, முப்பது முதல் முப்பத்தாறு மீட்டர் தூரத்தில் பெரிய காகிதத்தை நிறுத்திச் சுடுங்கள். இருபத்தைந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் நூறு ரவையாவது விழவேண்டும். எந்தத் தூரத்தில் அது குறைகிறதோ, அதுவே உங்கள் எல்லை. ஈயமானாலும், அதனினும் கனத்த டங்ஸ்டன் ஆனாலும் இந்த விதி ஒன்றே. அடிபட்ட பறவை கைக்கு வராமல் போனாலும் அதை உங்கள் பறவையாகவே கணக்கில் கொண்டு, துப்பாக்கியை உறையிலிட்டுவிடுங்கள்.

சுடும் பயிற்சியைவிடக் கேட்கும் பயிற்சிக்கு அதிக காலம் வேண்டும். வசந்தத்து வேட்டை முழுவதும், பேட்டின் குரலைப் பாவித்துச் சேவலை அருகே வரவழைப்பதில் அடங்கியிருக்கிறது. ஆனால் இயற்கையில் சேவல் முழங்கப் பேடுதான் அதைத் தேடிச் செல்லும். நாம் கேட்பது இயல்புக்கு மாறான ஒன்றை. ஆகையினால்தான் பொறுமை இத்தனை தேவைப்படுகிறது. மேல்மூடியைப் பக்கவாட்டில் தேய்த்து ஒலியெழுப்பும் மரப்பெட்டிக்கு ஆர்க்கன்ஸாவில் ஹென்ரி கிப்ஸன் காப்புரிமை பெற்றது 1897-இல். அதற்கு முன்பே பூர்வ குடிகள் வான்கோழியின் சிறகெலும்பைக் குழாயாக்கி உறிஞ்சி அந்தக் குரலை எழுப்பினார்கள். இன்று வாய்க்குள் வைக்கும் சவ்வுத் தகடும், கல்தட்டில் குச்சியைத் தேய்ப்பதுமாகப் பலவகைக் கருவிகள் வந்துவிட்டன. கருவி எதுவானாலும், பெண்பறவையின் எளிய அழைப்பு, ஒற்றைக் கொட்டு, திருப்தியோடு மேயும்போது தொண்டைக்குள் உருட்டும் மெல்லொலி ஆகிய மூன்றையும் பிசகில்லாமல் எழுப்பத் தெரிந்தால் போதும். இவற்றை ஜனவரியிலிருந்து தினமும் கால்மணி நேரம் பழகுங்கள். அங்கே போனதும், பழகியதில் பத்திலொரு பங்கை மட்டும் உபயோகியுங்கள். என் வழிகாட்டியாகிய அந்தப் பெரியவர் ஒரு காலை வேளையில் நான்கே முறை அழைத்துவிட்டு, மரப்பெட்டியை மடியில் வைத்து, ஐம்பது நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். சேவல் முழக்கமே இல்லாமல், நடந்து வந்து, எங்களுக்கு முன்னால் நின்றது.

வான்கோழிகள் இரவில் மரத்தின் மேல் அடைகின்றன. மாலையில் எந்த மரத்தில் ஏறின என்பதை அறிந்துகொள்வதே மறுநாளைய வேட்டைக்குப் பாதி. இருட்டில் ஆந்தைபோல் ஒரு குரல் கொடுத்தால், அடைந்திருக்கும் சேவல் தன்னையறியாமல் பதில் முழக்கம் செய்து இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அடைந்த மரத்துக்கு நூறு மீட்டருக்குள் நெருங்கவேண்டாம். பறவையை அடையும் மரத்திலேயே சுடுவதைப் பற்றி எழுதவும் எனக்குக் கூசுகிறது.

தேகத்தை ஆயத்தப்படுத்துவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈராயிரம் மீட்டர் உயரத்தில், சரளைக்கல் உருளும் சரிவில், ஏறியும் இறங்கியும் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்கவேண்டி வரும். மாடிப்படிகளில் பளுவோடு ஏறிப் பழகுங்கள். மழை ஜூலையில்தான் தொடங்குமாதலால் ஏப்ரலும் மே மாதமும் வறண்ட காலம், தண்ணீர் அரிது, தண்ணீர் உள்ள இடத்தில் பறவையும் உண்டு, கால்நடையும் உண்டு, ஆகையால் வடிகட்டாமல் குடிக்காதீர்கள். விடியலில் விரல் விறைக்கும். நடுப்பகலில் சட்டை நனையும். மெல்லியதாக மூன்று அடுக்கு உடுப்பே சிறந்தது. காலையில் காலணியை உதறாமல் மாட்டாதீர்கள், தேள் இருக்கும். மரத்தடியில் உட்காருமுன் கைத்தடியால் சருகைக் கிளறிப் பாருங்கள். சாலைப் பயணத்தைப் பகலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அரசாங்கம் வெளியிடும் பயண எச்சரிக்கையைப் புறப்படும் வாரத்தில் மீண்டும் ஒருமுறை படியுங்கள். காருக்கு மெக்ஸிகோவில் செல்லுபடியாகும் காப்பீடு தனியே வாங்குங்கள்.

நிறத்தைப் பற்றி மட்டும் நிதானித்துச் சொல்லவேண்டும். ஆண் வான்கோழியின் தலை, அது கிளர்ச்சியுற்றிருக்கும் நேரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்ற மூன்று நிறங்களையும் காட்டும். அந்த மூன்றில் எதுவும் உங்கள் மேல் இருக்கக் கூடாது. கைக்குட்டையாகவோ, காலுறையாகவோ, சட்டையின் கழுத்தில் தெரியும் உள்ளாடையாகவோகூட. வான்கோழி ஏறத்தாழ முந்நூறு பாகை வட்டத்தைத் தலை திருப்பாமலே பார்க்கக்கூடியது. அதன் கண்ணுக்கு மறைவதற்காக உடலெல்லாம் இலைநிறம் பூண்டு, அதன் குரலையே எழுப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதன், மற்றொரு வேட்டைக்காரனுடைய கண்ணுக்கு எப்படித் தெரிவான் என்பதை யோசித்துப் பாருங்கள். தோளைவிட அகன்ற மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். முழக்கம் கேட்கும் திசைக்கு ஒருபோதும் பதுங்கிச் செல்லாதீர்கள். மனிதன் வருவது தெரிந்தால் கையை அசைக்காமல், உரத்த குரலில் பேசுங்கள். கை அசைவு இறகின் அசைவாகத் தோன்றிவிடும். நீங்கள் ஐவரும் ஒரே பள்ளத்தாக்கில் பிரிந்து உட்காரப் போகிறீர்கள் என்பதால், யார் எங்கே என்று முந்தின இரவே தீர்மானித்து, எது வந்தாலும் அவரவர் இடத்தைவிட்டு எழாதிருப்பதாக ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுங்கள்.

மூட்டையில் இடமிருந்தால் ஒரு புத்தகம் வையுங்கள். அது ஆல்டோ லியோபோல்டுடையதாக இருக்கட்டும். இளமையில் அரிஸோனாவிலும் நியூ மெக்ஸிகோவிலும் வன அதிகாரியாயிருந்த அவர், 1936-ஆம் ஆண்டு செப்டம்பரில் சிவாவா மாநிலத்தின் காவிலான் நதிப்பக்கம் வில்லும் அம்பும் கொண்டு மான் வேட்டைக்குச் சென்றார். அடுத்த ஆண்டின் குளிர்காலத்தில் தம் சகோதரரோடும் மகன் ஸ்டார்க்கரோடும் மறுபடியும் போனார். எல்லைக்கு இப்பால், மிதமிஞ்சி மாடு மேய்த்து மண் அரித்துப்போன நிலத்தையே பார்த்துப் பழகிய அவருடைய கண்ணுக்கு, அப்பாலுள்ள மலை, மண்ணும் நீரும் மரமும் விலங்கும் ஒன்றோடொன்று குலையாமல் இசைந்திருந்த ஆரோக்கியமான நிலமாகக் காட்சியளித்தது. நிலத்தின் நலம் என்பதைப் பற்றிப் பின்னால் அவர் எழுதியவற்றுக்கெல்லாம் அந்தப் பயணங்கள் ஊற்றுக்கண். மகன் ஸ்டார்க்கர் லியோபோல்டோ வான்கோழியையே ஆராய்ந்தவர். மிஸௌரியில் வீட்டுப் பறவையோடு கலந்து பெருக்கிக் காட்டில் விட்டவை ஏன் நிலைக்கவில்லை என்பதைத் துருவி, காட்டுத்தன்மை பயிற்சியால் வருவதன்று, பிறவியிலேயே உள்ளது என்றும், தூய காட்டுப் பறவையின் மூளையும் சில சுரப்பிகளும் உடல் எடைக்கு ஒப்பிடப் பெரியவை என்றும் 1944-இல் எடுத்துக்காட்டினார். மெக்ஸிகோவின் வேட்டைப் பறவைகளையும் விலங்குகளையும் பற்றி 1959-இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் அடிப்படை நூல். அவரே தந்தையோடு கண்ட காவிலான் பள்ளத்தாக்குக்குப் பத்தாண்டுகளுக்குப் பின் திரும்பிப் போனபோது, மரம் வெட்டுவோரின் பாதைகள் அங்கே வந்திருந்தன. 1949-இல் வெளியான கட்டுரையில் அந்த நதிக்கு விடை சொல்லிவிட்டார். நீங்கள் காணப்போவது அந்தப் பழைய மலை அன்று. ஆனாலும் அதில் எஞ்சியதைப் பார்ப்பதற்குக் கண் வேண்டும், அந்தக் கண்ணை அவர்கள் இருவரும் தருவார்கள்.

உங்களில் ஒருவர், இந்த ஐந்தாவது உள்ளினத்தையும் முடித்துவிட்டால், அடுத்த ஆண்டு யூகடான் தீபகற்பத்துக்குச் சென்று மயிற்கண் வான்கோழியையும் அடித்து, உலக வரிசையைப் பூர்த்தி செய்துவிடலாம் என்று எழுதியிருந்தார். அது தனி இனம். மார்புத் தாடி இல்லாதது. நீலத் தலையில் செம்மஞ்சள் முத்துகள் பதித்தாற்போன்றது. மற்றவை போல முழங்காமல், மத்தளத்தில் மெல்லத் தொடங்கி விரையும் தாளத்தைப் போல விடியலில் பாடுவது. மெக்ஸிகோவின் தென்கிழக்கிலும், குவாத்தமாலாவின் வடபகுதியிலும், பெலீஸிலும் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத, எண்ணிக்கை குறைந்துவரும் பறவை. அதைக் காண ஆசைப்படுங்கள், அதில் குற்றமில்லை. பட்டியலில் ஒரு கட்டத்தை நிரப்புவதற்காக மட்டும் அதை நாடுகிறவரை நான் வேட்டைக்காரராகக் கருதமாட்டேன். இதை அந்த நண்பர் கோபமின்றி ஏற்றுக்கொள்ளவேண்டும்.

முடிவாக, விழுந்த பறவையை என்ன செய்வது? பறவை நோய்களின் காரணமாக, வெளிநாட்டில் எடுத்த காட்டுப் பறவையின் இறைச்சியையும் தோலையும் உள்ளே கொண்டுவருவதற்கு அமெரிக்க வேளாண்துறை கடுமையான நிபந்தனைகள் விதித்திருக்கிறது. அவை ஆண்டுக்காண்டு மாறவும் செய்யும். பாடம் செய்து வைத்துக்கொள்ள விரும்புகிறவர் அந்த ஆண்டின் விதிகளை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறட்டும். இறைச்சியைப் பொறுத்தமட்டில் என் யோசனை எளிது. அதைக் கொண்டுவர முயலாதீர்கள். பண்ணை வீட்டுச் சமையலறையில் ஒப்படைத்துவிடுங்கள். என் மூன்றாவது பயணத்தில், வீட்டு அம்மையார் அந்தப் பறவையைக் காய்ந்த சிவப்பு மிளகாயை அரைத்த குழம்பில் முற்பகல் முழுவதும் வேகவைத்து, மாலையில் சோளத் தோசைகளோடு பரிமாறினார். மாடு மேய்ப்பவர்கள், பக்கத்துப் பண்ணைச் சிறுவர்கள், வழிகாட்டி, நான் என்று பதினோரு பேர் உண்டோம். ஒரு பறவை பதினோரு பேருக்குப் போதுமானதாயிருந்தது. கால் இறைச்சி கடினமாகவே இருந்தது; மலையில் நடந்த கால் அல்லவா!

தங்கும் நாட்களில் ஒன்றையாவது துப்பாக்கி இல்லாமல் கழியுங்கள். வேலி கட்டுகிறார்களானால் கை கொடுங்கள். உங்களை நடத்திச் செல்லும் வழிகாட்டிக்குக் கொடுக்க விரும்புவதைக் கடைசி நாளன்று, பிறர் காணாமல், அவர் கையிலேயே கொடுங்கள். பள்ளத்தைக் கடந்தபின் சிறகெலும்பில் குரலெழுப்புகிற, வலக்கையில் இரண்டு விரல் குறைந்த முதியவர் ஒருவர் அந்தப் பக்கத்தில் இருப்பாரானால், நான்கு வசந்தங்களில் வந்தவன் நலம் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

இப்போது செய்யவேண்டியது ஒன்று. இந்த மடலைப் படித்து முடித்ததும், துப்பாக்கியை இறக்கி, குழலின் நீளத்தை அளந்து, அங்குலக் கணக்கை வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு எழுதி அனுப்புங்கள். குறைவாக இருப்பவருக்கு என்னுடைய இருபத்தெட்டு அங்குலக் குழலைத் தருகிறேன்.

தங்கள் நலம் விழையும்,
முதிய வேட்டைத் தோழன்